ஷிப்டு முடிந்த நாய்

பெரம்பூர்ப் பெரியவர்களிடம் 1996-ஐப் பற்றிக் கேட்டால் பி அண்டு சி மில் மூடியதைத்தான் சொல்வார்கள். 1876-இல் பின்னி கம்பெனி தொடங்கிய பக்கிங்காம் மில், அடுத்து வந்த கர்நாடிக் மில், 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்று கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 வேலைநிறுத்தம் என்று பேச்சு நீளும். மில் சங்கு ஊதினால் தெரு நாய்களும் சேர்ந்து ஊளையிடும் என்று நடுவில் யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நாய்கள் என்ன ஆயின என்ற பேச்சு மட்டும் வராது.

அவற்றில் பல பேசின் பிரிட்ஜ் பக்கம் போய்ச் சேர்ந்தன. மாநகராட்சி தெரு நாய்களைப் பிடித்துப் போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு நூறுக்கும் மேல் என்பது விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸின் கணக்கு. நாய் வண்டி தெருமுனையில் திரும்பியதுமே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவோம். ஆளாளுக்கு ஒரு நாயை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். கழுத்தில் கிடைத்த கயிற்றைக் கட்டி, "இது எங்க வூட்டு நாய்ப்பா" என்று சத்தியம் செய்வார்கள். கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று 1964 முதலே ப்ளூ கிராஸ் சொல்லிவந்ததை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996 செப்டம்பரில்தான். மில் சங்கும் நாய் வண்டியும் ஓய்ந்தது ஒரே ஆண்டில். ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டு வாசலில் வெயிலுக்கு விலாவைக் காட்டிப் படுத்திருக்கும் கிழ நாய் மணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

வீட்டு நாய்கள் முன்பும் கிழமாகியிருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் சோபாவிலேயே வயதான நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஜிம்மி, டாமி, ரோஸி என்ற பெயர்கள் அங்கிருந்து தெருவுக்கு இறங்கி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். தெருவில் பிறந்த நாட்டு நாய் மூக்கு நரைத்து, இடுப்பு ஒடுங்கி, சாவகாசமாகச் சாலையைக் கடப்பது எங்கள் பேட்டைக்குப் புதிய காட்சி. முப்பது வருடப் பழக்கம்தான் அது. லாரிக்கும் நோய்க்கும் தப்பிய நாய்க்கு மட்டும் இப்போதும் அது கிடைக்கிறது.

மணிக்குக் கிடைத்திருக்கிறது. 2015 டிசம்பர் மழையில் உள்ளே வந்தவன். அப்போதே வளர்ந்த நாய். காதோரம் வெட்டியிருந்தது, ஆபரேஷன் செய்து விட்ட நாய் என்பதற்கு அடையாளம். மழை விட்டதும் போய்விடுவான் என்று அம்மா நினைத்தாள். அவன் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. வயது யாருக்கும் தெரியாது. பல்லைப் பார்த்து டாக்டர் சொன்ன கணக்கை வைத்தால் இப்போது பதினான்குக்குப் பக்கம். டீக்கடையில் அவன் கருப்பன், பக்கத்துத் தெருவில் ராஜா. எங்கள் வீட்டில்தான் மணி.

அப்பாவுக்குக் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை. ரயில் பெட்டிகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் உள்ளே இழுத்து, கழற்றிப் பார்த்து, பழுது நீக்கி அனுப்புவதற்கு அங்கே பி.ஓ.எச். என்று பெயர். மணியை வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளில் அப்பா, "என்ன, பி.ஓ.எச்சுக்குப் போறானா?" என்பார். ஐ.சி.எஃப். தொழிற்சாலைப் பெட்டிக்கு ஆயுள் இருபத்தைந்து வருடம். அதற்கு மேல் அதைக் கண்டம் செய்துவிடுவார்கள். ரிட்டயரான அன்று மாலையோடு வீட்டுக்கு வந்தவர், "என்னைக் கண்டம் பண்ணிட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். இது வேலையால் ஆன ஊர். 1955-இல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப்., லோகோ, கேரேஜ், மில் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கேட்டும் ஒரு ஷிப்டும் இருந்தன. ரயில் நிலையங்களுக்கே பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்றுதான் பெயர். வேலை முடிந்த ஆளை என்ன செய்வது என்பதில் இந்த ஊருக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. நாயிடமும் நாங்கள் முதலில் வேலையைத்தான் கேட்டோம். குரைக்கிறானா, ராத்திரி காவலுக்கு ஆவானா?

இப்போது மணி எதற்கும் ஆகமாட்டான். காது போய்விட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆள் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே வருகிறார். கண்ணில் நீலம் பூத்திருக்கிறது. புரை என்று பயந்தோம். வயதானால் லென்ஸ் இறுகி இப்படித் தெரியும், பார்வை அவ்வளவாகப் போகாது என்றார் டாக்டர். கூப்பிட்டால் கேட்காததால் பெயரும் தேவையில்லாமல் போயிற்று. தரையை இரண்டு தட்டுத் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பிப் பார்ப்பான்.

காது போனதில் அவனுக்கு ஒரு லாபமும் உண்டு. தீபாவளி என்றால் முன்பெல்லாம் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பான். போன தீபாவளிக்கு வாசலில் பத்தாயிரம்வாலா வெடித்தபோது நடுக்கூடத்தில் மல்லாந்து தூங்கினான். ஊரே புகையில் நின்றது. அவன் எழுந்ததும் மூக்கை நீட்டி மோந்து பார்த்தான், ஒரு தும்மல் போட்டான், அவ்வளவுதான்.

நாயின் ஒரு வருடம் மனிதனுக்கு ஏழு என்று பள்ளியில் படித்தோம். அது சரியில்லை. 2020-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்தவர்கள் நூற்றுச் சொச்சம் லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயது போடும் வேதிக் குறிகளை மனிதக் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு வயது நாயே முப்பது வயது ஆளுக்குச் சமம். அதன் பிறகு வேகம் தணிகிறது. பன்னிரண்டு வயதில் எழுபதைத் தொட்டால் பதினான்கில் எழுபத்து மூன்றுதான். நாட்டு நாய்க்கு இது அப்படியே பொருந்துமா என்பது வேறு. நாய் குட்டியிலிருந்து சட்டென்று ஆளாகி, பிறகு நிதானமாகக் கிழமாகிறது என்ற அந்த வடிவம், கூடவே இருந்து பார்ப்பவருக்குப் பொய்யாகத் தெரியாது. மணியோடு கழிந்த காலத்தில் பெரும்பகுதி அவனுடைய முதுமைதான். அம்மாவுக்கு எழுபத்தெட்டு. "எனக்குத் தம்பி" என்கிறாள்.

இரவில்தான் சிரமம். மூன்று மணிக்கு எழுந்து நடக்க ஆரம்பிப்பான். மொசைக் தரையில் நகம் உரசும் சத்தம் கூடத்துக்கும் சமையலறைக்கும் போய்ப் போய் வரும். பின்கால் வழுக்குகிறது என்று கோணிகளைப் பிரித்து வழியெல்லாம் விரித்திருக்கிறோம். சில இரவு கதவின் கீல் பக்கம் போய் நின்றுகொள்வான். திறக்கும் பக்கம் எது என்பது மறந்துவிடுகிறது. மூளை தேய்வதன் அறிகுறி அது. 2001-இல் கலிபோர்னியாவில் நடந்த இன்னோர் ஆய்வில் பதினொன்று, பன்னிரண்டு வயது நாய்களில் 28 விழுக்காட்டிடமும், பதினைந்து, பதினாறு வயது நாய்களில் 68 விழுக்காட்டிடமும் இப்படி ஒரு தடுமாற்றமாவது தென்பட்டது. அந்த நேரத்தில் அதட்டினால் பயந்துவிடுவான். தோளில் கை வைத்து மெல்லத் திருப்பிவிட்டால் போதும். அம்மாவும் மூன்று மணிக்கு விழிப்பவள். விளக்கைப் போடாமலே அவனைத் திருப்பிவிட்டு, தன் பிளாஸ்க்கிலிருந்து அரை டம்ளர் வெந்நீர் குடிப்பாள். இருவரும் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அவளுக்குக் கேட்பவரிடம் பேசிப் பேசி அலுத்துவிட்டது, அவனுக்கோ கேட்பதே இல்லை.

நாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தமிழில் முதலில் வந்து நிற்பது நன்றி. நாலாம் வகுப்புக் கட்டுரையிலிருந்து சினிமா வரை அதுதான். எனக்கு அதில் நம்பிக்கை போனது அப்பா இறந்தபோது. துக்கத்துக்கு வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் மணியைத் தேடினார்கள். "சாப்பிடாம கெடக்குதா?" என்று இரண்டு மூன்று பேர் அம்மாவிடமே கேட்டார்கள். அவன் அன்று சாயங்காலம் வைத்த சோற்றைத் தட்டு காயும்படி நக்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தான். வந்தவர்களுக்கு ஏமாற்றம். பத்து நாள் கழித்து, அப்பா படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து ஜன்னலடிக்கு இடம் மாறினான். அதைத் துக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலுக்கு ஜன்னலடியில் காற்று நன்றாக வரும் என்பதும் உண்மை. அவன் நன்றி காட்டியதும் இல்லை, காட்டத் தவறியதும் இல்லை. கூட இருந்தான். நன்றி என்று பெயர் வைத்தால் கொடுத்த சோற்றுக்குக் கணக்கு வைத்ததாக ஆகிவிடும்.

நம் பழைய கதைகளும் நாயை நாயாக விட்டுவைப்பதில்லை. பாரதத்தின் கடைசியில் மகாபிரஸ்தானிக பருவத்தில் தருமன் பின்னால் ஒரு நாய் மலை ஏறுகிறது. அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொர்க்க வாசலில் தருமன் மறுக்கும் இடம் பெரிய இடம்தான். ஆனால் அடுத்த நொடியே நாய் தருமதேவதையாகிவிடுகிறது. நாய் நாயாகவே உள்ளே போயிருந்தால் இன்னும் பிடித்திருக்கும். மாணிக்கவாசகர் தம்மை நாய் என்று சொல்லிக்கொள்ளும்போதும் கீழ்மைக்குத்தான் நாய் உதவுகிறது. தேய்பிறை அஷ்டமியில் பைரவரை நினைத்துத் தெரு நாய்க்குப் பிஸ்கட் போடுகிறவர்கள் அடுத்த நாளே அதைக் கல்லால் அடிப்பதையும் பார்க்கலாம்.

இந்த வரிசையில் சேராத ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ப் பட்ட ஒரு வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பின்னால் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் இருந்தது என்றும் வெட்டிவைத்திருக்கிறார்கள். தேவதையாக்காமல், பெயரை மட்டும் எழுதியவர்களை எனக்குப் பிடிக்கும். அங்கும் வேலை செய்த நாய்க்குத்தான் கல். கோவிவன் அதன் பிறகு கிழமாகி, எருமைக் கொட்டிலில் படுத்துக்கொண்டு யாரையும் கடிக்காமல் இருந்திருந்தால், அந்த வருடங்களுக்குக் கல் கிடையாது.

அந்த வருடங்களைப் பார்க்க வேண்டுமானால் வேப்பேரிக்குப் போக வேண்டும். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அது. பெரம்பூரிலிருந்து ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாக ஆட்டோவில் போவோம். மெட்ரோ வேலைக்குச் சாலையை மறித்த பிறகு சுற்றுவழி. பின்சீட்டில் நாய் என்றதும் ஆட்டோக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மணியைப் பார்த்தவர்கள் மறுப்பதில்லை. "ஏத்துங்க சார், பெருசு ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். அங்கே ஓ.பி. சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஆட்டைத் தோளில் போட்டவர், கோழியைத் துணியில் சுற்றியவர், விலையுயர்ந்த வெள்ளை நாயைக் கூடையில் வைத்தவர் எல்லாரும் உண்டு. குட்டி வைத்திருப்பவர்கள் கலகலவென்று பேசுவார்கள். கிழ நாயோடு வந்தவர்களை அவர்கள் கையை வைத்தே கண்டுபிடிக்கலாம். பேச்சுக்கிடையிலும் கை நாயின் விலாவின் மேலேயே இருக்கும், மூச்சை எண்ணுவது போல. தண்ணீர் அதிகம் குடிக்கிறானா, மூத்திரம் அதிகம் போகிறானா என்றுதான் முதலில் கேட்பார்கள், சிறுநீரகத்துக்காக. நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுத்தீர்களா என்பது அடுத்த கேள்வி. மனிதனுக்குக் கேட்கும் மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மூட்டுவலிக்கு அவனுக்கென்று தனி மருந்து உண்டு. கேட்காத கேள்வி ஒன்றும் அங்கே காத்திருக்கிறது. ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று ஒருநாள் யாராவது சொல்ல வேண்டிவரும். எழுந்து நிற்க முடியாமல், சோற்றைத் திரும்பிப் பார்க்காமல் கிடக்கும் நாயை எனக்காக வைத்திருப்பது பாசம் இல்லை என்று நினைக்கிறேன். அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவது பாதியிலேயே நின்றுவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நின்றன. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல். மணியை மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதுவரை அவன் தூக்கவிட்டதே இல்லை. அன்று நான்கு காலையும் தொங்கவிட்டு, பாரத்தை முழுவதும் என் மேல் போட்டுவிட்டான். மாடியில் இருந்தவர்கள் அவனைப் பிடிக்காதவர்கள், வாசலில் முடி கொட்டுகிறது என்று சண்டைக்கு வந்தவர்கள். கரண்ட் இல்லாத அந்த மூன்று இரவும் அவர்கள் வீட்டுப் பையன் மணியின் முதுகில் தலை வைத்துத் தூங்கினான். தண்ணீர் வடிந்ததும் பழையபடி முடிச் சண்டை தொடங்கியது.

நாய்களைப் பிடிக்காதவர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வெறிநாய்க்கடியின் அறிகுறி கண்ட பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. நாய் துரத்திய பிள்ளையின் அம்மாவிடம் ஜீவகாருண்யம் பேசுவதற்கு எனக்கு வாய் வராது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெரு நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பதினோரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடலாம் என்றது. இங்கே டீக்கடையில் அது இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசப்பட்டது. மணி நடுவில் படுத்திருந்தான். நாய்களை எல்லாம் பிடித்துப் போக வேண்டும் என்று உரக்கப் பேசியவர்தான் அவனுக்குப் பொறையைப் பாலில் நனைத்துப் போட்டார். பல் இல்லாததால் காய்ந்த பொறையை அவனால் கடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே ஆண்டில் மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. திரு.வி.க. நகர் கிளினிக்கில் அவன் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு எண்ணை ஏற்றினார்கள். ஊசி குத்தியபோது எனக்குத்தான் சுருக்கென்றது.

சாயங்கால நடை இப்போது டீக்கடை வரைதான். முன்பு மில் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவான். அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. மூக்கு மட்டும் இன்னும் வேலை செய்கிறது. ஒரு மின்கம்பத்துக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எனக்கு வேறு வேலை இல்லாததால் யார் வீட்டில் வெள்ளையடித்திருக்கிறார்கள், யார் வீட்டுக் கதவு பூட்டியே கிடக்கிறது என்பதெல்லாம் தெரியவருகிறது. லோகோவில் ரிட்டயரான இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் நின்று பேசவைத்ததும் மணிதான். அவன் அங்கே உட்கார்ந்துவிட்டால் நானும் உட்கார வேண்டும். பென்ஷன், முழங்கால், பேரன் என்று அவர்கள் பேச, நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் யாரும் பேசுவதில்லை. லோக்கல் ரயில் போகும் சத்தம் கேட்டு இருவரும் ஒரே சமயத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

மீன்காரம்மா வாரத்தில் இரண்டு நாள் வருவார். கூடையை இறக்கியதும், "இன்னாமா, கெய்வன் நல்லா கீறானா?" என்பார். கேள்வி மணியைப் பற்றி என்றாலும் இருவருக்கும் சேர்த்த விசாரிப்பு அது. போன வாரம் கவளை மீனை எடைபோட்டுக்கொண்டே, "அடுத்தது ஒரு குட்டி எட்துக்கோமா, இப்பவே பயகிக்கும்" என்றார்.

"இருக்கற ரெண்டு கெழத்தப் பாத்துக்கவே இவனுக்கு நேரமில்ல" என்று அம்மா என்னைக் காட்டினாள். "தலைய இவனுக்குப் போட்டுடு. முள்ளு பாத்து."